மிதோரியின் கத்தரிக்காய் மாடு

மரப்பட்டை எரிந்த வாசம்... அகதிகளாக வந்து சேர்ந்த பாசல் நகரத்தில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி முழுக்கப் பரவியிருந்தது. தொண்ணூறுகளில் ஓர் ஆகஸ்ட் மாலை. பக்கத்து வீட்டு மிதோரி, மருந்துக் கம்பனியில் வேலை செய்த ஜப்பான்காரி, பால்கனியில் ஒரு சட்டியில் எதையோ எரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆடி அமாவாசை. அப்பாவுக்காக நான் விரதம். அவர் காலமானபோது எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருக்கவில்லை. ஊருக்குப் போக முடியவில்லை. படையலிலாவது குறை இருக்கக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம்.

காலையில் கதவைத் திறந்தால், எங்கள் வாசலுக்கும் மிதோரியின் வாசலுக்கும் நடுவே ஒரு கத்தரிக்காய், ஒரு வெள்ளரிக்காய். ஊரோரம் வாடகைக்கு எடுத்த தோட்டத்துக் காய்களை அவள் அப்படி வைத்துவிட்டுப் போவது வழக்கம். இந்த முறை ஒவ்வொன்றிலும் நாலு குச்சி குத்தியிருந்தது.

"இதென்னப்பா குச்சி?" என்று கணவரைக் கேட்டேன்.

"ஜப்பான் ஆக்கள் எல்லாத்தையும் குச்சியாலதானே சாப்பிடுறவை."

ஆசிரியையான நானும் அந்த விளக்கத்தை நம்பினேன்.

குச்சிகளைப் பிடுங்கி, கத்தரிக்காயில் தேங்காய்ப்பால் கறியும் வெள்ளரிக்காயில் பச்சடியும் வைத்து அப்பாவுக்குப் படைத்தேன். பின்னேரம் ஒரு கிண்ணம் கறியை மிதோரிக்குக் கொண்டுபோனேன்.

அவள் வெறும் வாசலைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவான ஜெர்மனில் சொன்னாள்...

ஜப்பானில் அவளுடைய ஊரான நகானோ பக்கத்தில் ஆகஸ்டில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். மரப்பட்டை எரித்து வழி காட்டுவார்களாம். வெள்ளரிக்காய் குதிரை, விரைந்து வர. கத்தரிக்காய் மாடு, ஆறுதலாக, மெல்ல மெல்லத் திரும்பிப் போக. அந்த வசந்தத்தில் அவளுடைய தாய் இறந்திருந்தார். அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இது தாயின் முதல் வருகை.

காகத்துக்கு வைத்த பிதிர்ச்சோற்றை யாரோ எடுத்துத் தின்றால் நமக்கு எப்படி இருக்கும்... அப்படி ஒரு வேலை செய்திருக்கிறேன். அதுவும் விரத நாளில், மாட்டைக் கறியாக்கி.

"ஐயோ, அந்தத் தாய் மனுசி இனி எப்பிடித் திரும்பிப் போறது?" என்று எங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவர் சப்பாத்தை அரைகுறையாய்ப் போட்டுக்கொண்டு காய்கறிக் கடைக்கு ஓடினார்.

மிதோரி கேட்டாள், "உங்கள் அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டிருப்பார்."

அவள் உள்ளே போய் ஒரு கரண்டி எடுத்து வந்து, படியில் என் பக்கத்தில் குந்தியிருந்து, கறி முழுவதையும் சாப்பிட்டாள்.

"அம்மா நேற்றே வந்துவிட்டார். மாடு இல்லாவிட்டால் இரண்டு நாள் கூடுதலாக நிற்கட்டும்," என்றாள்.

இப்போது எங்களிடம் இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போர்ட் இருக்கிறது. நினைத்தவுடன் ஊருக்குப் போய், ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடலாம். போக முடியாத செத்தவீட்டைப் போனில் பார்க்கிறோம். வசதிதான். பார்த்து முடித்துப் போனை அணைத்ததும் இறந்தவர்களும் உடனே போய்விடுகிறார்கள்...