பயந்தவளின் சாட்சி

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டில் வேலை குறைந்துபோனபோது, அரவேணுப் பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் நாங்கள் ஊட்டிப் பக்கம் கேரட் பிடுங்கப் போனோம். காலையில் ஜீப் வரும். ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். ஒவ்வொரு வளைவிலும் "மெதுவா போ தம்பி, மெதுவா" என்பேன். என் மனசு அப்படி. கதவைப் பூட்டினேனா, இல்லையா என்று வழியெல்லாம் தவிப்பவள் நான்.

பக்கத்து வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்திருப்பாள். "தம்பி, இந்த அக்காவ எறக்கி உட்டுருங்க. நடந்தே வரட்டும். நாம பொழுதோட திரும்பறப்போ எதுத்தாப்புல வந்துட்டிருக்கும்" என்பாள். ஜீப்பே சிரிக்கும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ஜீப் வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. எங்களுக்குக் காயத்தோடு போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி செத்துப்போனாள். கண்மூடித்தனமாக வேகமாய் ஓட்டிச் சாவுக்குக் காரணமானான் என்று டிரைவர் பையன் மேல் கேஸ்.

போலீஸ்காரர் கேட்டபோது, "மெதுவாப் போன்னு சொல்லிட்டேதாங்க வந்தேன்" என்றேன். அதை வைத்துத்தான் கேஸே நடந்தது. எச்சரித்தும் கேட்காமல் ஓட்டினான் என்று அதற்கு அர்த்தமாம். மற்றவர்களெல்லாம் தூங்கிவிட்டோம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். பையன் ஜெயிலுக்குப் போவதும் போகாததும் என் வாயில் வந்து நின்றது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதைச் சொன்னால் எது ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கோர்ட்டில் பையனுடைய வக்கீல் அதட்டுவார் என்று நினைத்திருந்தேன். தணிவாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, அன்னிக்கு மட்டுந்தான் மெதுவாப் போகச் சொன்னீங்களா?"

"இல்லீங்க. தெனமும் சொல்லுவேனுங்க."

"வண்டி மெதுவாப் போனாலுமா?"

"மெதுவாப் போனாலும் சொல்லுவேனுங்க."

"பஸ்ல போனா?"

"அதுலயும் பயந்தானுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அப்ப அன்னிக்கு வண்டி நெசமாவே வேகமாப் போச்சா, உங்களுக்கு வழக்கம்போலப் பயமா இருந்துச்சா?"

கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி அந்த வளைவை நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவை ஜீப் பறந்தது. இன்னொரு தடவை ஊர்ந்தது.

"தெரியலீங்க" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று பையனை விட்டுவிட்டார்கள். அவன் என் காலில் விழ வந்தான். விலகிக்கொண்டேன். குற்றவாளியைக் காப்பாற்றினேனா, ஒன்றும் செய்யாதவனையா? கோர்ட்டுக்குச் சந்தேகம் என்றால் கேஸ் கட்டை மூடி வைத்துவிடலாம். நான் எங்கே மூடி வைப்பது?

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் செத்தவளின் புருஷன் என் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, கோர்ட்டுக்கு வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்க. வேகமாத்தான் போனானா?"

"தெரியலீங்க தம்பி."

"வேகமாப் போனான்னா அவனையாவது திட்டிட்டுக் கெடப்பேன். இல்லீன்னா இல்லைன்னு சொல்லிப்போடுங்க, உட்டுர்றேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கக்கா."

டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேறென்ன கேட்க? அவர் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்கிறதா என்று சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

கேட்கவில்லை.