வைஸ் வாய்க்கு ஒரு சட்டை

அரம் போடுற வேலையில கை கறுக்கும், முதலாளி வாயும் சும்மா இருக்காது. பட்டறையில நின்னவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரத்துல அடைச்ச பித்தளைத் தூளைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுக்கிட்டே, நடுநடுவே இதை எழுதுறேன். அஞ்சாவதோட நின்னவ, தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

பல் தடம்

மில்லு மூடி வீட்டுக்காரருக்கு வேலை போனதும், தட்டாஞ்சாவடியில ஒரு பட்டறையைக் கூட்டிப் பெருக்கப் போனேன். அரம் போடுற ஆள் நின்னுடவே, முதலாளி என்னை, சாமானை வாயில வச்சுத் திருகி இறுக்குற வைஸ்கிட்ட நிறுத்தினார். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து வந்த சொல்தா ஒருத்தர் வீட்டுக் கதவுக்கு ஆறு பித்தளைக் கைப்பிடி. நழுவக் கூடாதேன்னு முதல் கைப்பிடியை இறுக்கிட்டேன். வைஸோட இரும்புப் பல் வரிவரியாப் பதிஞ்சிடுச்சு. வேலையைப் பார்க்க வந்த சொல்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கைப்பிடி கேட்டா, நாய் கடிச்ச எலும்பைக் குடுக்கிறியேம்மா!"

ரப்பர்

இன்னொண்ணுல தடம் விழுந்தா திரும்ப விளக்குமாறுதான்னு முதலாளி சொல்லிட்டார். எனக்கோ அரம் பிடிச்சுப் போச்சு. பழைய சைக்கிள் டயரை வெட்டி, வைஸ் வாயில ரெண்டு பக்கமும் வச்சு, ரெண்டாவதைப் பிடிச்சேன். தடம் விழலை. ஆனா அரத்தைத் தள்ளினா கைப்பிடி அந்தப் பக்கம் போவுது, இழுத்தா இந்தப் பக்கம் வருது. பக்கத்து வைஸ்ல நின்ன செல்வி அக்கா எட்டிப் பார்த்துச்சு. "ஏண்டி மங்கா, இது வைஸா, உம் பாப்பா தூங்குற தூளியா?"

மூடி

நெளியாமலும் இருக்கணும், பித்தளையைக் கடிக்காமலும் இருக்கணும். அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல நசுங்கின அலுமினிய மூடி ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அலுமினியம் பித்தளையை விட மெத்து. தகரம் வெட்டுற கத்தரியால ரெண்டு துண்டு போட்டுட்டேன். வேலை போனதுல இருந்து சோறு ஆக்குறது வீட்டுக்காரர்தான். கொதிக்கிற பானையோட நின்னுக்கிட்டு என்னையே பார்த்தார். "அடியே, இப்ப கஞ்சியை எதை வச்சு வடிக்கிறது?"

காது மடிச்சது

சும்மா வச்சா, வைஸைத் திறக்கிறப்பல்லாம் துண்டு கீழே விழுந்துச்சு. அப்புறம் மேல் ஓரத்தையும் ரெண்டு பக்கக் காதையும் மடிச்சு, மரச்சுத்தியலால தட்டி, சட்டை மாதிரி மாட்டினேன். மிச்ச அஞ்சு கைப்பிடியும் முடிஞ்சது. கடிபட்டதையும் தேய்ச்சு எடுத்தேன். முதலாளி ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, வைஸைக் காட்டி இது யார் வேலைன்னார். செல்வி அக்கா என் பக்கம் கையைக் காட்டிச்சு. "கூட்டுறதுக்கு வேற ஆளைப் பார்த்துக்கிறேன், நீ இந்த வைஸை விட்டு நகராதே."

மொத்தத்துல, எவ்வளவு வேணா இறுக்கிப் பிடிக்கலாம், நடுவுல மட்டும் மெத்துன்னு ஒரு சட்டை—

"மங்கா! மத்த மூணு வைஸுக்கும் சட்டை போடணும், வா இங்கே!"

முதலாளி கூப்பிடுறார், கத்தரியை எடுத்துக்கிட்டு ஓடுறேன்.