குர்பானித் தோல்

அறுபத்தைந்தாம் வருஷ வாக்கில், சிதம்பரத்தில், பக்ரீத் பெருநாளன்று எங்கள் வீட்டில் அறுத்த குர்பானி ஆட்டின் தோலை நான் நாசம் செய்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

வருடாவருடம் அந்தத் தோல் உப்புத் தடவி மதரஸாவுக்குத் தானமாகப் போகும். அன்று அம்மா ஆட்டுக்காலைக் கொதிநீரில் முக்கி மயிரைச் சுரண்டினாள். சுலபமாக வந்தது. தோலையும் இப்படிச் சுத்தமாகக் கொடுத்தால் நன்மை ஜாஸ்தி என்று எனக்குப் பட்டது. யாரையும் கேட்கவில்லை. மிச்சமிருந்த கொதிநீரைக் கொல்லைக்குத் தூக்கிப்போய், விரித்திருந்த தோலில் கொட்டினேன்.

அது நெளிந்தது. செத்த ஆட்டின் தோல் என் கண்ணெதிரே நெளிந்து சுருண்டது. தண்ணீர் பட்ட பக்கமெல்லாம் பாதியாகக் குறுகி ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. காலையில் கசாப்புக்காரர் முழுப் பலத்தோடு இழுத்தும் கிழியாத தோல், நான் இழுத்ததும் பிய்ந்தது. அலறிக்கொண்டே பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். விரியவில்லை.

முதலில் ஓடிவந்தது சின்னம்மா, அம்மாவின் தங்கை. கடலூரில் வாழ்க்கைப்பட்டவள், மூன்று மாதமாக எங்களோடு இருந்தாள். அவளுடைய இடது கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி ஒட்டிக்கிடக்கும். சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். அவளை அழைத்துப்போக வந்த புருஷன் அப்போது கூடத்தில் தின்றுகொண்டிருந்தான்.

சின்னம்மா தோலையே பார்த்தாள்.

"பச்சத்தண்ணி ஊத்தினா விரியாதுடி. நானும் ஊத்திப் பாத்தேன்."

நேராகக் கூடத்துக்குப் போய், நாங்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவின் முன்னால் கையை நீட்டினாள்.

"மச்சான், கஞ்சி தானா கொட்டல. இந்த ஆளு கையப் புடிச்சிக்கிட்டு ஊத்துனாரு. நான் கடலூருக்குப் போவல."

"பெருநாளும் அதுவுமா என்னம்மா பேச்சு இது? சாப்புடுறவரு எதிர்ல!" என்றார் அத்தா.

"கைதான் சுருங்கிச்சி, வாய் சுருங்கல பாருங்க" என்று அவன் சிரித்தான்.

அத்தா அவன் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைத்தார்.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். மண்டையில் ஏறவில்லை. தோலைப் பார்த்துவிட்டு வந்த அம்மா என் முதுகில் நாலு வைத்தாள். எனக்கு அந்த எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் சின்னம்மாவை ஏற்றினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். நான் கீழே நின்று எக்கி, அந்த மடங்கிய விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

"அழுவாத சின்னம்மா. அடுத்த பெருநாளைக்குத் தோல்ல கைய வைக்கவே மாட்டேன்" என்றேன்.