போட்டுப் பார்க்காத எட்டு கேசட்

குழந்தைகளே, இது நான் செய்த தப்பு.

கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸைக் காலி செய்த ஒருவரிடம் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டரும், அதற்கான பன்னிரண்டு கேம் கேசட்டும் வாங்கினேன். பார்க்கப் பாட்டுக் கேசட் மாதிரி இருக்கும். ஓடவிட்டால் கம்ப்யூட்டரில் விளையாட்டு ஏறும். நாலைப் போட்டுப் பார்த்ததிலேயே பொறுமை போய்விட்டது. மகளின் ஸ்கூல் டூருக்குப் பணம் வேண்டியிருந்தது. ‘எல்லாமே வேலை செய்யும், ஒன்று ஐந்நூறு’ என்று விளம்பரம் போட்டேன்.

நொய்டாவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். ஐ.டி. வேலை, இந்தக் கேசட்டுகளைச் சேர்ப்பது பொழுதுபோக்கு.

“ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துடலாமாண்ணா?”

ஓடிய நாலையும் முதலில் கொடுத்தேன். ஒவ்வொன்றும் ஏற ஐந்து நிமிஷம், காதைக் கிழிக்கும் கீச்சுச் சத்தம். எனக்கு உட்காரவே முடியவில்லை. பால்கனிக்கும் அறைக்குமாக நடந்தேன். ஐந்தாவதை அவள் கையில் எடுத்ததும் சொல்லிவிட்டேன்.

“மீதி எட்டை நான் போட்டே பாக்கலைம்மா.”

“அச்சா, அதான் இந்த நடையா?” என்று சிரித்தாள். “அப்ப எட்டுக்கும் இப்போ பாதி விலை. வீட்ல போட்டுப் பாத்து, ஓடறதுக்கு மிச்சத்தைத் தர்றேன்.”

அந்த மிச்சம் வராது என்றே நினைத்தேன். அடுத்த வாரம் போன் வந்தது.

“ஏழு ஓடுதுண்ணா. ஒண்ணுல பூஞ்சை.” ஏழுக்கும் மிச்சப் பணம் வந்தது.

இரண்டுதான் ஓடியது என்று அவள் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஏழு என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன். உங்களிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும்.