சுங்கைப் பட்டாணி வீட்டுக்கு நான் சொன்ன குறைகள்

ஜப்பான்காரன் வந்ததும் இந்த நாட்டில் முதலில் மாறியது சூரியன்தான். தோக்கியோவில் என்ன மணியோ அதுவே கெடாவிலும் மணி என்று உத்தரவு போட்டார்கள். கடிகாரம் எட்டு அடிக்கும். கிழக்கு அப்போதுதான் வெளுக்கும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்காது. அங்கே விடிந்தால் விடிந்ததுதான். இங்கே அதற்கும் பட்டாளத்தான் தலையாட்ட வேண்டும். அப்படிப்பட்ட ஓர் இருட்டு எட்டு மணிக்கு, கிராணி தங்கையா என் அறைக் கதவைத் தட்டினார்.

"என்ன கொத்தனாரே, எட்டு மணிக்குமா குறட்டை?"

"சூரியனே இன்னும் எந்திரிக்கல கிராணி, எனக்கு மட்டும் என்ன அவசரம்?"

தங்கையா முன்பு திகாம் பத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் அதே பேனாவால் வேறொன்று எழுத ஆரம்பித்தார். சயாம் ரயில் பாதை போட, கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்திலிருந்து யார் யாரைப் பிடித்துப் போகலாம் என்ற பேர்ப்பட்டியல். போனவர்கள் திரும்பவில்லை, பட்டியல் எழுதியவருக்குத் தொப்பை வந்தது. கள்ளச் சந்தை அரிசியும் அவர் கையில். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு வீங்கிக் கிடக்க, இவர் ஒருவர்தான் சோறு தின்று ஏப்பம் விட்டார். எனக்கு அவரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வரும். என் கோபத்துக்கும் என் வாய்க்கும் நடுவே என்றைக்கும் போக்குவரத்து இருந்ததில்லை.

"டவுன்ல ஒரு மாடி வீடு விலைக்கு வருது. பழைய வீடு. கொஞ்சம் கை வச்சா அரண்மனையா வந்துரும் லா. நீங்க வந்து நாலு குறை சொல்லுங்க. ஒரு பை அரிசி."

வாங்குகிறவன் கொத்தனாரைக் கூட்டிப் போவதும், கொத்தனார் சுவரைத் தட்டி உதட்டைப் பிதுக்குவதும் எங்கள் தொழிலில் வழக்கம். விற்கிறவனும் தன் பக்கம் ஒரு கொத்தனாரை வைத்துக்கொள்வான். இரண்டு பேரும் பொய் சொல்லி, நடுவில் ஒரு நியாயமான விலை வந்து நிற்கும். அதனால் எனக்கு உறுத்தவில்லை. அரிசி என்ற சொல்லைக் கேட்டபின் எனக்கு வேறு எதுவுமே கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய சாலையில், கடைவரிசையின் நடுவில் இருந்தது வீடு. முன்னால் கூரை போட்ட நடைபாதை, அஞ்சடி என்பார்கள். அதில் இரண்டு பருத்த தூண்கள், நீலம் பூசிய இரட்டைக் கதவு, உள்ளே மழை நேராகத் தரையில் விழும் நடுமுற்றம். மாடியைத் தாங்கிய உத்தரம் ஒவ்வொன்றும் செங்கால் என்ற இரும்பு மாதிரி மரம். இன்னும் நூறு வருஷத்துக்கு அதை இடியால்கூட அசைக்க முடியாது. என் ஆயுளில் இப்படி ஒரு வீட்டை நான் கட்டியதில்லை, இனி கட்டப் போவதுமில்லை.

வீட்டுக்காரம்மாவை எல்லோரும் ஆசோ என்று கூப்பிடுவார்கள். அவர் கணவர் சீனப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஜப்பான் ராணுவ போலீஸ் அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. செத்தாரா இருக்கிறாரா என்று தகவல் இல்லை. ஜப்பான்காரனுக்குச் சீனர்கள் கட்ட வேண்டிய 'காணிக்கை' என்று இந்த அம்மாவின் கழுத்தையும் நெரித்தார்கள். அதனால்தான் விற்பனை. அவர் பக்கம் பேச ஒரு கொத்தனார் இல்லை. அதைப் பார்த்தவுடனே நான் திரும்பியிருக்க வேண்டும். திரும்பினேனா? கரணைக் காம்பால் உத்தரத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் ஒரு கச்சேரியே நடத்தினேன். உள்ளே கரையான் வீட்டுக் கல்யாணம், மேளச் சத்தம்கூடக் கேட்கிறது என்றேன். தூண் காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் சாய்கிறது என்றேன். கிராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆசோ சிரிக்கவில்லை. "பெதுல்கா?" என்றார். நிஜமா என்று கேட்கிறார்.

"பெதுல்," என்றேன். நிஜம்தான்.

உடனே அந்த அம்மா ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து உத்தரத்தின் அடியிலிருந்து இழுத்தார். அங்கே நிற்காதே, தலையில் விழுந்துவிடும் என்று சைகை. அப்புறம் உள்ளே போய், வெறும் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்தேன். குடித்தேன் ஐயா! அதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது. விலை பாதியாக விழுந்தது.

பேரம் முடிந்ததும் ஆசோ ஒன்றே ஒன்று கேட்டார். உள்ளே எதை வேண்டுமானாலும் இடியுங்கள். நீலக் கதவையும் முன் தூண்களையும் மட்டும் மாற்றாதீர்கள். என் வீட்டுக்காரர் வந்தால் வீட்டை அடையாளம் கண்டு உள்ளே கேட்பார், நான் கோத்தா கோலா மூடாவில் தம்பி வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். கிராணி பெரிய மனதோடு தலையாட்டினார். தெருமுனை திரும்பியதும் என்னிடம், "மொதல்ல அந்தக் கதவக் கழட்டுங்க. தூணுக்குப் புதுசாக் காரை பூசுங்க. சீன வீடுன்னு ஒரு பய சொல்லக் கூடாது," என்றார்.

அன்றைக்குக் கதவைக் கழற்றியதும் இந்தக் கைதான். வீடு விற்றவர் இடம் மாறிப் போவது எந்த ஊரிலும் நடக்கும். ஆனால் தேடி வருகிறவனுக்கு வழியே இல்லாமல் முகத்தையும் அழிப்பது என்ன நியாயம்? அழித்துவிட்டு அதற்குப் பெயர் செப்பனிடுதலாம்! கொதித்துக்கொண்டே தூணுக்குச் சுண்ணாம்புக் காரை பூசினேன். பூசும்போதுதான் யோசனை வந்தது. முகவரியை ஈரக் காரையிலேயே எழுதிவிட்டால்? சீன எழுத்தில் எழுத முடியாது; எனக்கும் தெரியாது, தெரிந்தாலும் ஜப்பான்காரன் அதைப் படித்துவிடுவான். பிடித்துப் போனவரின் குடும்பம் எங்கே என்று நாமே காட்டிக் கொடுத்ததாகும். ஆகவே, யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி தமிழில் எழுதினேன். "வாத்தியார் ஐயா, உங்கள் சம்சாரம் கோத்தா கோலா மூடாவில் தம்பி வீட்டில். உயிரோடு இருக்கிறார்." கரணை முனையால், அழகான எழுத்தில். கிராணி கேட்டால் கொத்தன் தன் குலசாமி பேரை எழுதுவது வழக்கம் என்று அளக்கலாம் என்றிருந்தேன். அவரோ வந்து பார்த்துப் படித்துவிட்டு, "எவன் படிக்கப் போறான்?" என்று சிரித்துக்கொண்டே போனார். சிரிப்பின் அர்த்தம் எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

நாலு நாள் கழித்து மிச்சமிருந்த மூட்டையை எடுக்க ஆசோ வந்தார். கதவில்லாத வாசலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் பெருமையாகத் தூணைக் காட்டி, ஜப்பான்காரனால் இதைப் படிக்கவே முடியாது என்று விளக்கினேன். அவர் எழுத்தை விரலால் தடவினார்.

"தியா போலே பாச்சா?" என்றார். அவரால் படிக்க முடியுமா?

சீன வாத்தியார். தமிழ். என் மண்டையில் அப்போதுதான் விடிந்தது. காரை காய்ந்து கல்லாகியிருந்தது. ஆசோ என் முகத்தைப் பார்த்தார். அந்த வீட்டில் முதல் தடவையாகச் சிரித்தார், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. உத்தரம் விழாது, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். "தாஹு," என்றார். தெரியும். எப்போது தெரிந்தது என்று கேட்க எனக்குத் துணிவில்லை. "நான் படிச்சுச் சொல்றேன் ஆசோ, நானே படிச்சுச் சொல்றேன்," என்று தமிழிலேயே உளறினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜப்பான் சண்டை முடிந்தது. கிராணி பினாங்குப் பக்கம் போய்ப் பெரிய மனிதராகிவிட்டார். அவர் மேல் எனக்குள்ள கோபத்துக்கு இன்னும் வயசாகவில்லை. அந்த வீட்டில் இப்போது சைக்கிள் கடை. நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது. என் மனைவி மருதாயி பள்ளிக்கூடத்து ஐயரிடம் சொல்லி எழுதியனுப்பினாள்: எல்லோரும் வந்துவிட்டார்கள், உங்களை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? நியாயமான கேள்வி. நானும் ஒவ்வொரு கப்பலுக்கும் அடுத்ததில் வருகிறேன் என்றுதான் எழுதுகிறேன். எதிர் வரிசையில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். யாராவது ஒல்லியான சீனர் அந்த வாசலில் தயங்கி நின்றால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டுச் சாலையைக் கடந்து ஓடுகிறேன். சைக்கிள்காரனுக்கு நான் பைத்தியம். நேற்றும் ஒருவர் நின்றார். மருதாயியின் கடிதம் மடியில் இருக்க, தூணில் இருந்ததை மலாயில் வாசித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, காற்றடிக்கும் பம்பு எங்கே என்று கேட்டார்.