இரண்டு விரற்கடை தெற்கே

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து, கணினி விளையாட்டு ஒன்றில் எங்கள் போத்தனூர் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். பொருள்களை மயிரிழை அளவுக்கு நகர்த்தி வைக்க அதில் ஒரு கருவி உண்டு. எண்ணை அடித்தால் போதும். எனக்கு அழுகை வரவில்லை, எண்களை அடித்தேன். கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு கட்டிலைப் போட்டு, இருபக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

காப்பி கொண்டுவந்த அம்மா திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“அப்பாவக் கெடத்துன எடமுங்களா கண்ணு?”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கட்டிலை அழிக்கப் போனேன்.

“இருக்கட்டும். இன்னும் ரெண்டு வெரக்கடை தெக்கால தள்ளுங்க.”

அந்தக் கருவிக்கு விரற்கடை தெரியாது. உத்தேசமாக ஓர் எண்ணை அடித்தேன். கட்டில் நகர்ந்தது. அம்மா குனிந்து பார்த்தார்.

“இப்பச் சரி. காப்பி ஆறுதுங்க, குடிங்க.”