ஆவிக்கு நீட்டிய துண்டு

எங்கள் குப்பத்தில், கடலிலிருந்து கரையேறுபவருக்கு முதலில் தலை துவட்டத் துண்டு நீட்டுவோம். மீன் கிடைத்ததா என்பதைப் பிறகுதான் கேட்போம். எங்கள் மகன் சேகரைக் கடல் கொண்ட நாள்முதல் என் மனைவி துண்டோடு கரைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவன் பெயரையும் அவள் உச்சரித்ததில்லை.

சென்ற மாசியில் ஒரு மாலை, குப்பத்துப் பிள்ளைகள் இரண்டு படகுகளுக்கிடையே வெள்ளை வேட்டியைக் கட்டிப் பேய்ப்படம் காட்டினார்கள். நீரில் மூழ்கி இறந்த சிறுவனின் ஆவியோடு மூன்று குழந்தைகள் தோழமை கொள்ளும் கதை. அதை உணர்ந்ததும், அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“வா, வூட்டுக்குப் போலாம்” என்றேன்.

“சும்மா குந்துய்யா” என்றாள்.

திரையில் அச்சிறுவன் சொட்டச் சொட்ட நனைந்து ஒரு வாசலில் வந்து நின்றான். பிள்ளைகள் கூச்சலிட்டனர். என் மனைவியோ என் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு திரையருகே சென்று, அவன் தலைக்கு எட்டுமாறு உயர்த்தி விரித்தாள்.

“தொவட்டிக்கடா சேகரு. சளி புடிச்சிக்கும்.”

“ஆயா, மறைக்குது” என்று எழுந்த ஒரு குரலும் பாதியில் அடங்கிற்று. சிறுவனின் முகம் துண்டின்மேல் விழுந்து, அவள் கைகளுக்கிடையே காற்றில் அசைந்தது. அது மறையும்வரை நின்றவள், துண்டை மெல்ல மடித்துக்கொண்டு திரும்பினாள்.

மறுநாள் காலை நான் கரையேறியபோது அவள் துண்டோடு நின்றிருந்தாள்.

“இன்னா பாக்குற? குனி” என்றாள்.

குனிந்தேன்.

ஆவிகள் உண்டோ இல்லையோ, நான் அறியேன். உண்டெனில், அவையும் நனைந்தே வரும் என்றும், அவற்றுக்கும் யாரேனும் துண்டு நீட்ட வேண்டும் என்றும் இப்போது நம்புகிறேன்.